டார்பிடோ ஸ்குவாட்ரன் 8: மிட்வேல அந்த 15 விமானமும் வீணாப் போச்சா?

கடல்காகம்:
வணக்கம் மக்களே. 1942 ஜூன்ல பசிபிக் கடல்ல அமெரிக்காவும் ஜப்பானும் மோதின மிட்வே சண்டை பத்தின போன இழைல ஒருத்தர் போற போக்குல "டார்பிடோ 8 தன்னையே பலி குடுத்து ஜீரோ விமானங்களை கடல் மட்டத்துக்கு இழுத்துச்சு, அதனாலதான் டைவ் பாம்பர் வந்து ஜெயிச்சுது"ன்னு எழுதியிருந்தார். இந்த வரி எங்க பாத்தாலும் சுத்துது, அதனாலதான் தனி இழையா ஆரம்பிக்கிறேன். ஜீரோன்னா ஜப்பானோட ஃபைட்டர் விமானம், டைவ் பாம்பர்னா உயரத்துல இருந்து செங்குத்தா பாஞ்சு குண்டு போடற விமானம்.

தெரியாதவங்களுக்கு முதல்ல. ஹார்னெட்ங்கிற அமெரிக்க விமானம்தாங்கிக் கப்பல் 1941 அக்டோபர்ல சேவைக்கு வந்துச்சு, அதோட டார்பிடோ விமானப் பிரிவு (ஸ்குவாட்ரன்) தான் டார்பிடோ 8. டார்பிடோன்னா தண்ணிக்குள்ள ஓடிப்போய் கப்பலை அடிக்கற குண்டு. தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் ஜான் வால்ட்ரன், தெற்கு டகோட்டாக்காரர், லகோட்டா பழங்குடி ரத்தமும் கலந்தவர். 1942 ஜூன் 4 காலைல 15 டெவாஸ்டேட்டர் டார்பிடோ விமானம், ஒவ்வொண்ணுலயும் பைலட் ஒருத்தர் பின்னாடி ரேடியோமேன்-கன்னர் ஒருத்தர், ஆக 30 பேர் கிளம்பினாங்க. 15 விமானமும் விழுந்துச்சு. உயிரோட மிஞ்சினது என்சைன் ஜார்ஜ் கே ஒருத்தர் மட்டும். அவர் கடல்ல ஸீட் குஷனைப் பிடிச்சு மறைஞ்சு மிதந்து ஜப்பான் கப்பல்கள் எரியறதை தண்ணில இருந்தே பாத்தார், மறுநாள் கேட்டலினாங்கிற அமெரிக்கக் கடல் விமானம் வந்து தூக்குச்சு. ஒரு டார்பிடோ கூட எந்தக் கப்பல் மேலயும் படல.

என் வாதம் இதுதான். அந்த "பலி" கதை கேக்க நல்லா இருக்கு, ஆனா அது ரெண்டு விஷயத்தை மூடி மறைக்குது. ஒண்ணு, வால்ட்ரன் சாகப் போனவர் இல்ல, எதிரியைக் கண்டுபிடிச்சவர், ஹார்னெட்ல இருந்து அன்னிக்குக் காலைல கிளம்பின அத்தனை விமானத்துலயும் ஜப்பான் கப்பல்களைப் போய்ச் சேந்தது அவரோட ஸ்குவாட்ரன் மட்டும்தான். ரெண்டு, அந்த 29 பேர் சாவுக்கு மேல இருந்தவங்க பதில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. பலின்னு ஒரு பேர் வச்சுட்டா கேள்வி கேக்கறதே நின்னுடுது. இதைப் பத்தித்தான் பேசணும்னு நினைக்கிறேன்.

இன்ஜின்ரூம்:
நல்ல இழை அண்ணே. விமானத்தையும் ஆயுதத்தையும் பத்தி நான் கொஞ்சம் சேக்கறேன், ஏன்னா பாதி பதில் அங்கதான் இருக்கு.

டெவாஸ்டேட்டர் 1937ல சேவைக்கு வந்தப்போ உலகத்துலயே முன்னணி கப்பல் விமானம். முழு உலோக உடம்பு, ஒற்றை அடுக்கு இறக்கை, ஹைட்ராலிக்ல மடியற இறக்கை, மூடின காக்பிட். மொத்தமே 130தான் செஞ்சாங்க. ஆனா அஞ்சு வருஷத்துல விமானத் தொழில் எங்கயோ போயிடுச்சு. அதோட உச்ச வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் சுமார், வயித்துல டார்பிடோவைக் கட்டிட்டா அதுவும் வராது.

இப்போ டார்பிடோ. மார்க் 13ன்னு பேரு. அதை சரியா போடணும்னா தண்ணிக்கு மேல 15 மீட்டர் உயரம், வேகம் 110 நாட்டுக்குள்ள (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்). இதுக்கு மேல போனா விழுந்த வேகத்துல உடையும், இல்ல திசை மாறும், இல்ல நேரா அடியில போயிடும். அதாவது பல பீரங்கி சுடற கப்பலை நோக்கி நேர்கோட்டுல தாழப் பறந்துகிட்டே மெதுவா வேற போகணும்.

இன்னொரு கணக்கு பாருங்க. மார்க் 13 தண்ணில ஓடற வேகம் 33.5 நாட். ஜப்பான் விமானம்தாங்கி முழு வேகத்துல 30 நாட்டுக்கு மேல போகும், சோர்யு எல்லாம் 34 நாட். தாக்க வர்றப்போ ஜப்பான் கேப்டன்கள் செஞ்சது என்னன்னா கப்பலைத் திருப்பி வாலைக் காட்டினாங்க. 30 நாட்ல ஓடற கப்பலுக்குப் பின்னால 900 மீட்டர்ல டார்பிடோ போட்டா, வேக வித்தியாசம் மூணரை நாட்தான், எட்டிப் பிடிக்க எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். டார்பிடோவுக்கு இருக்கற ஓட்டமே அஞ்சு நிமிஷம் சொச்சம். போய்ச் சேரவே சேராது.

விமானத்துக்கும் அதே கதை. 15 கடல் மைல் தூரத்துல ஜீரோ வந்து பிடிச்சுடுச்சுன்னு வச்சுக்கோங்க, ஓடற கப்பலை 105 நாட்ல துரத்தினா அந்த தூரத்தைக் கடக்க 12 நிமிஷம். 12 நிமிஷம் மேல இருந்து ஜீரோ சுட்டுக்கிட்டே இருக்கும். ஜப்பான்காரன்கிட்ட இருந்த டைப் 91 டார்பிடோவோ 40 நாட்டுக்கு மேல ஓடும், அதை ரொம்ப வேகமாவும் போடலாம், பேர்ல் ஹார்பர்ல பாத்தோமே.

கேள்விக்கணை:
எனக்கு ஒரு சந்தேகம் சார். ஹார்னெட்லயே ஃபைட்டர் விமானம் இருந்துச்சுல்ல, அதுங்க ஏன் கூட வரல? 15 பேரை அப்படியே தனியா எப்படி அனுப்புவாங்க?

கடல்காகம்:
நீங்க கேட்டதுதான் இந்த இழையோட மையம். அனுப்பினப்போ தனியா அனுப்பல. ஹார்னெட் விமானப்படை மொத்தமா ஏர் குரூப் கமாண்டர் ஸ்டேன்ஹோப் ரிங் தலைமைல கிளம்புச்சு. 10 வைல்ட்கேட் ஃபைட்டர் இருந்துச்சு, ஆனா அதை டைவ் பாம்பரோட சேத்து மேல வச்சுட்டாங்க, டார்பிடோ 8 கீழ தனியா. தனக்கு ஃபைட்டர் துணை வேணும்னு வால்ட்ரன் கிளம்பறதுக்கு முன்னாடியே கேட்டார், கிடைக்கல.

அப்புறம் வழிப் பிரச்சனை. ரிங் குரூப்பை ஏறக்குறைய நேர் மேற்கா, 265 டிகிரி திசைல, கூட்டிட்டுப் போனார்னு உயிரோட திரும்பின பல பைலட்டுகள் பின்னாடி சொல்லியிருக்காங்க. வால்ட்ரன் கணிப்பு தென்மேற்கு. ஜப்பான்காரன் மிட்வே மேல போட்ட விமானங்களைத் திரும்ப எடுத்துக்கிட்டு திசை மாத்துவான்னு அவர் கணக்குப் போட்டார். பறந்துகிட்டு இருக்கும்போதே ரேடியோ மௌனத்தை உடைச்சு ரெண்டு பேரும் வாக்குவாதம் பண்ணினதா கேட்டவங்க சொல்றாங்க. கடைசில வால்ட்ரன் தன் ஸ்குவாட்ரனை மட்டும் பிரிச்சு இடது பக்கமா திருப்பிட்டுப் போயிட்டார். நேரா போய் எதிரி புகையைக் கண்டார்.

ரிங்கோட போன மத்தவங்க கதி? டைவ் பாம்பர்கள் வெறும் கடலைத்தான் பாத்தாங்க, சிலது ஹார்னெட்டுக்குத் திரும்புச்சு, சிலது மிட்வேல போய் இறங்குச்சு. 10 வைல்ட்கேட்டும் எரிபொருள் தீந்து கடல்ல இறங்குச்சு, பைலட்டுகள்ல ரெண்டு பேர் செத்துட்டாங்க. ஒரு குண்டு கூட எதிரி மேல விழல. இதுக்கு அப்புறம் ஹார்னெட் கேப்டன் மார்க் மிட்ச்சர் மேலிடத்துக்கு அனுப்பின அறிக்கைல குரூப் போன திசை 239 டிகிரின்னு இருக்கு. ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தனித்தனியா குடுக்க வேண்டிய சண்டை அறிக்கை ஹார்னெட்ல இருந்து ஒண்ணு கூட போகல. அந்த ஒரே ஒரு அறிக்கைதான்.

எனக்கு இதை நினைச்சா கோவம் வருது. வால்ட்ரன் திசை சரின்னு ஒத்துக்கிட்டா ரிங் திசை தப்புன்னு ஆகும். அதை எழுதாம "வீரமரணம்"னு எழுதறது சுலபமா இருந்திருக்கு.

நீலத்திமிங்கலம்:
கடல்காகம் சொன்னது: // பலின்னு ஒரு பேர் வச்சுட்டா கேள்வி கேக்கறதே நின்னுடுது //

நண்பா இதுல பாதிதான் ஒத்துக்க முடியும். மேலதிகாரி தப்பு இருக்கட்டும், அதுக்காக டார்பிடோ 8 தாக்குதலால ஒரு பலனும் இல்லன்னு போயிடக்கூடாது. அவங்க வந்ததாலதான ஜீரோ கீழ வந்துச்சு, கப்பல்கள் வளைஞ்சு வளைஞ்சு ஓடுச்சு, ஜப்பான் விமானம்தாங்கிப் படைத் தலைவர் நகுமோவுக்கு தன் விமானங்களை கப்பல் மேல்தளத்துல (டெக்ல) அடுக்க நேரம் கிடைக்கல? அந்த ஒரு மணி நேரம் இல்லன்னா ஜப்பான் எதிர்த்தாக்குதல் கிளம்பியிருக்கும், அந்தச் சண்டைல மூழ்கின அமெரிக்க விமானம்தாங்கி யார்க்டவுன் மட்டுமில்ல இன்னும் ரெண்டு கப்பல் போயிருக்கும். 29 பேர் குடும்பத்துக்கு முன்னாடி நின்னு "உங்க பசங்க சாவு வீண்"னு சொல்ல எனக்கு மனசு வராது.

கடல்காகம்:
வீண்னு நான் சொல்லவே இல்லையே, தலைப்புல கேள்வியாத்தான் வச்சிருக்கேன். நேரத்தை வரிசையா போட்டுப் பாப்போம்.

காலை 7.10க்கு மிட்வே தீவுல இருந்து போன 6 அவெஞ்சரும் (புது ரக டார்பிடோ விமானம்) 4 பி-26 குண்டுவீச்சு விமானமும் டார்பிடோவோட தாக்குச்சு. அப்புறம் மரைன் டைவ் பாம்பர், பி-17னு மிட்வேல இருந்து வரிசையா வந்துச்சு, எல்லாமே தோல்வி. 9.20 வாக்குல டார்பிடோ 8. அது முடியற நேரத்துல என்டர்பிரைஸ்ங்கிற இன்னொரு அமெரிக்க விமானம்தாங்கியோட டார்பிடோ 6, லின்ட்ஸி தலைமைல 14 விமானம், அதுல 10 போச்சு. 10 மணி தாண்டி யார்க்டவுனோட டார்பிடோ 3, மாஸி தலைமைல 12 விமானம், அதுல ஒண்ணு கூட கப்பலுக்குத் திரும்பல. 10.20க்கு மேலதான் என்டர்பிரைஸ் மெக்ளஸ்கி, யார்க்டவுன் லெஸ்லி ரெண்டு பேரோட டைவ் பாம்பரும் மேல இருந்து வந்து ஜப்பான் விமானம்தாங்கிகள் அகாகி, காகா, சோர்யு மூணையும் எரிச்சாங்க.

இப்போ சொல்லுங்க, 9.20க்கு கீழ இறங்கின ஜீரோ 10.20 வரைக்கும் கீழயே இருக்குமா? ஜீரோ நிமிஷத்துக்கு ஆயிரம் மீட்டர் கணக்குல மேல ஏறும். டைவ் பாம்பர் வந்தப்போ ஜீரோ கவனம் வேற பக்கம் போயிருந்துச்சுன்னா அதுக்குக் காரணம் அந்த நிமிஷத்துல உள்ள வந்துகிட்டு இருந்த டார்பிடோ 3ம், அதுக்குத் துணையா வந்த யார்க்டவுன் ஃபைட்டர் தலைவர் தாச்சோட வைல்ட்கேட்டும். அந்தப் பேரு மாஸி ஆளுங்களுக்குப் போகணும், அவங்களை யாரும் நினைக்கறதே இல்ல.

ஆனா டெக் விஷயத்துல நீங்க சொல்றது எனக்கும் சரின்னு படுது. ஜீரோவோட 20 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு ஒண்ணுக்கு 60 குண்டுதான், சீக்கிரம் தீந்துடும், இறங்கி நிரப்பிட்டுத் திரும்ப ஏறணும். ஒவ்வொரு தடவையும் டெக் காலியா இருக்கணும், கப்பல் காத்துக்கு எதிரா போகணும். அதே டெக்ல தாக்குதல் விமானங்களை அடுக்க முக்கால் மணி நேரம் வேணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்காது. 7 மணில இருந்து விடாம வந்த எல்லாத் தாக்குதலும் சேந்துதான் நகுமோ கையைக் கட்டிப் போட்டுச்சு, அந்த சங்கிலில டார்பிடோ 8 ஒரு கண்ணி. 10.20க்கு ஜப்பான் விமானங்கள் டெக்ல கிளம்பத் தயாரா இருந்துச்சு, அஞ்சு நிமிஷம் தப்பிச்சிருந்தா கதையே மாறியிருக்கும்னு ஜப்பான் கடற்படை விமானி ஃபுச்சிடா சண்டைக்கு அப்புறம் எழுதினதை ஜப்பான் ஆவணங்களே மறுக்குது. பெரும்பாலான விமானம் அப்போ கீழ ஹேங்கர்லதான் இருந்துச்சு.

நீலத்திமிங்கலம்:
சங்கிலில ஒரு கண்ணின்னு சொல்றீங்களே, நான் சொன்னதும் அதானே. சரி டார்பிடோ 3 விஷயம் நியாயம், மாஸி பேரை நானும் இனி சேத்துச் சொல்றேன். ஆனா ரிங் ஒருத்தர் மேல மட்டும் பழி போடாதீங்க. என்டர்பிரைஸ் ஃபைட்டர்கள் கதை தெரியும்ல? ஜிம் கிரே தலைமைல 10 வைல்ட்கேட், டார்பிடோ 6க்கு துணையா போக வேண்டியது, மேகத்துக்கு மேல இருந்து தவறா டார்பிடோ 8ஐப் பின்தொடர்ந்துச்சு. கீழ வந்து உதவணும்னா டார்பிடோ 6 ரேடியோல கூப்பிடணும்னு ஏற்பாடு. டார்பிடோ 8க்கு அந்த ஏற்பாடே தெரியாது, அவங்க எங்க கூப்பிடுவாங்க. கிரே மேலயே சுத்திட்டு எரிபொருள் குறைஞ்சதும் திரும்பிட்டார். 10 ஃபைட்டர் தலைக்கு மேல இருக்க கீழ 15 விமானம் துடிச்சு விழுந்திருக்கு. இது மொத்த அமெரிக்க கப்பற்படையோட ஒருங்கிணைப்புக் கோளாறு. ஜப்பான்காரன் நாலு கப்பல் விமானத்தையும் ஒரே படையா கிளப்புவான், இவங்க ஒவ்வொரு கப்பலும் தனித்தனியா.

வானம்பாடி:
எல்லாரும் ஹார்னெட்ல இருந்து போன 15 விமானத்தை மட்டும் பேசறீங்க, டார்பிடோ 8ல இன்னொரு பாதி இருந்துச்சு. புது அவெஞ்சர் விமானம் வாங்கறதுக்காக ஸ்குவாட்ரன்ல ஒரு பகுதி நார்ஃபோக்ல தங்கிடுச்சு. அவங்க பேர்ல் ஹார்பர் வந்து சேந்தப்போ ஹார்னெட் முந்தின நாள்தான் கிளம்பிப் போயிருந்துச்சு. அதுல 6 விமானத்தை லெப்டினன்ட் ஃபீபர்லிங் தலைமைல மிட்வே தீவுக்கே அனுப்பினாங்க. மேல 7.10ன்னு போட்டிருக்கீங்களே அது இவங்கதான். வால்ட்ரனுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே அதே ஸ்குவாட்ரன் ஆளுங்க அதே கப்பல்களைத் தாக்கிட்டாங்க, அதுவும் அவெஞ்சர் விமானத்தோட முதல் சண்டையே அதுதான்.

6ல திரும்பினது ஒண்ணு. ஓட்டினவர் என்சைன் பெர்ட் எர்னஸ்ட். மேல இருக்கற துப்பாக்கிக் கூண்டுல (டரட்) இருந்த ஜே மானிங் முதல் சுத்துலயே செத்துட்டார். ரேடியோமேன் ஹாரி ஃபெரியர், 17 வயசுப் பையன், தலையில அடிபட்டு மயங்கி எந்திரிச்சிருக்கார். விமானத்தை மேல கீழ திருப்பற எலிவேட்டரோட கம்பி அறுந்துடுச்சு, விமானம் தண்ணியைப் பாத்து இறங்குது, இனி முடிஞ்சதுன்னு எர்னஸ்ட் டார்பிடோவை ஒரு சின்னக் கப்பல் பக்கமா விட்டுட்டு கடல்ல இறங்கத் தயாராகி பழக்கதோஷத்துல மூக்கோட சாய்வை லேசா சரி பண்ற ட்ரிம் சக்கரத்தைத் திருகியிருக்கார், விமானம் மூக்கைத் தூக்கிடுச்சு. அந்த சின்ன சக்கரத்தை வச்சே உயரத்தை ஏத்தி இறக்கி, திசைகாட்டியும் வேலை செய்யாம சூரியனைப் பாத்து ஓட்டி, மிட்வேல எரிஞ்ச புகையைக் கண்டு ஒத்தைச் சக்கரத்துல தரை இறக்கினார். விமானத்துல எழுபதுக்கும் மேல ஓட்டை. மத்த 5 விமானத்துல இருந்து ஒருத்தர் கூட வரல. அன்னிக்கு ஒரு ஸ்குவாட்ரன்ல 48 பேர் பறந்து போனாங்க, உயிரோட இருந்தது மூணு பேர்.

இன்ஜின்ரூம் கணக்குல விமானம் பழசுன்னு மட்டும் பழி சொன்னா போதாது பாருங்க. அவெஞ்சர் புத்தம் புதுசு, வேகம் அதிகம், ஃபைட்டர் துணை இல்லாம போனதால அதுக்கும் அதே கதிதான்.

கொட்டியாரக்குடா:
வணக்கம் அண்ணைமார். நான் திருகோணமலை ஆள். உங்கட இழையை ஆரம்பத்தில இருந்து வாசிச்சுக்கொண்டு வாறன். அகாகி, சோர்யு, ஹிர்யு எண்டு பேர் வரேக்க எனக்கு ஜூன் 4 ஞாபகம் வராது, ஏப்ரல்தான் வரும். இந்தக் கப்பலுகள்தான் மிட்வேக்கு ரெண்டு மாசம் முன்னம் எங்கட கடலுக்கு வந்தது. 1942 ஏப்ரல் 5 கொழும்பு, ஏப்ரல் 9 திருகோணமலை. சீனக்குடா எண்ணெய்த் தாங்கி எரிஞ்ச கதையை எங்கட அம்மம்மா சொல்லிக் கேட்டுத்தான் நான் வளர்ந்தனான்.

இந்த இழைக்கு ஏன் சொல்லுறன் எண்டால், அங்கயும் ஒரு டார்பிடோ ஸ்குவாட்ரன் இதே மாதிரி அழிஞ்சது. பிரித்தானியற்ர 788ஆம் ஸ்குவாட்ரன். ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு காலமை 6 சோட்ஃபிஷ் விமானம் சீனக்குடாவில இருந்து டார்பிடோவோட கொழும்புக்கு வந்துகொண்டிருக்கு, அதே நேரம் ஜப்பான்காரன்ர ஜீரோவும் அங்க வந்திட்டுது. சோட்ஃபிஷ் எண்டால் துணி போர்த்த ரெட்டை இறக்கை விமானம், திறந்த காக்பிட். ஆறையும் விழுத்திப் போட்டாங்கள். நாலு நாள் கழிச்சு மட்டக்களப்புக்கு நேர ஹெர்மிஸ் எண்ட பிரித்தானிய விமானம்தாங்கி தாண்டது, அதில 307 பேர் போச்சினம். அந்த நேரம் கப்பலில ஒரு விமானமும் இல்லை.

துணை இல்லாமல் டார்பிடோ விமானம் ஜீரோவிட்ட அம்பிட்டால் என்ன நடக்கும் எண்டு ஏப்ரலிலயே தெரிஞ்சிட்டுது. ஜூனில திரும்பவும் அதே பாடம்.

பழையமெட்ராஸ்:
கொட்டியாரக்குடா எழுதினதைத் தொடர்ந்து ஒண்ணு. அதே வாரம், ஏப்ரல் 6, வங்காள விரிகுடால தனியா வந்த ஜப்பான் தளபதி ஓசாவா படைல ர்யுஜோன்னு ஒரு சின்ன விமானம்தாங்கி இருந்துச்சு. அதோட விமானங்கள்தான் விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாலயும் குண்டு போட்டது. மெட்ராஸ்ல கிளம்பின பீதி சாதாரணமில்ல. கவர்னர் ஆர்தர் ஹோப் அரசாங்க ஆபீஸையெல்லாம் வெளியூருக்கு மாத்தினார், ஜனங்க கிடைச்ச ரயில்ல ஊருக்கு ஓடினாங்க, குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா என்ன ஆகும்னு மிருகக்காட்சி சாலைல இருந்த சிங்கம் புலியெல்லாம் சுட்டுக் கொன்னாங்க. அந்த ர்யுஜோ அப்புறம் என்ன ஆச்சுன்னு கடல்காகம் சொல்வார்னு நினைக்கிறேன், அதுக்கும் இந்த இழைக்கும் சம்பந்தம் இருக்கு.

கடல்காகம்:
பழையமெட்ராஸ் சார், இதைத்தான் அடுத்து எழுத இருந்தேன்.

பெரும்பாலான இடத்துல டார்பிடோ 8 கதை ஜூன் 4லயே முடிஞ்சுடும். முடியல. பேர்ல் ஹார்பர்ல மிச்சம் இருந்த ஆளுங்களை வச்சு லெப்டினன்ட் ஸ்வீட் லார்சன் தலைமைல ஸ்குவாட்ரனைத் திரும்ப நிறுத்தினாங்க, இந்தத் தடவை அவெஞ்சரோட, சாரடோகா கப்பல்ல. எர்னஸ்டும் ஃபெரியரும் அதுலதான் தொடர்ந்தாங்க. ஆகஸ்ட் 24, கிழக்கு சாலமன் சண்டை. சாரடோகால இருந்து டைவ் பாம்பரும் டார்பிடோ 8 அவெஞ்சரும் சேந்து போய் ர்யுஜோவை மூழ்கடிச்சாங்க. டைவ் பாம்பர் மேல இருந்து, டார்பிடோ பக்கவாட்டுல இருந்து, ரெண்டும் ஒண்ணா. ஜூன் 4ல கிடைக்காத ஒருங்கிணைப்பு. வால்ட்ரன் தன் ஆளுங்களுக்கு எழுதிக் குடுத்த கடைசிக் குறிப்புல, ஒரே ஒரு விமானம்தான் மிஞ்சுதுன்னாலும் அவன் உள்ள போய் அடிக்கணும்னு கேட்டிருந்தார். அந்த அடி விழ ரெண்டரை மாசம் ஆச்சு.

அதோட விடல. ஒரே வாரத்துல, ஆகஸ்ட் 31, சாரடோகா மேல ஐ-26 நீர்மூழ்கி டார்பிடோ விட்டுச்சு, கப்பல் ரிப்பேருக்குப் போச்சு. கப்பல் இல்லாத ஸ்குவாட்ரனை செப்டம்பர்ல குவாடல்கனால் தீவு ஹென்டர்சன் ஃபீல்டு விமானதளத்துக்கு அனுப்பினாங்க. மலேரியா, சேறு, ராத்திரி ராத்திரி குண்டுவீச்சு. அக்டோபர் 13 ராத்திரி ரெண்டு ஜப்பான் போர்க்கப்பல், கோங்கோவும் ஹருனாவும், கடல்ல நின்னு ஓடுதளத்தை 14 அங்குல பீரங்கியால அடிச்சு நொறுக்குச்சு. பறக்க விமானம் இல்லாம போனதும் டார்பிடோ 8 ஆளுங்க சிலர் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு மரைன்களோட சேந்து தரைல நின்னாங்க, மெக்கானிக்குகள் உடைஞ்ச விமானங்களோட பாகத்தைச் சேத்து ஒண்ணு ரெண்டைத் திரும்பப் பறக்க வச்சாங்க. நவம்பர்ல ஸ்குவாட்ரனைக் கலைச்சுட்டாங்க.

எனக்கு வருத்தம் என்னன்னா இந்த மூணு மாசத்தைப் பத்தி யாரும் பேசறதில்ல. செத்த ஒரு காலைப்பொழுதுக்கு இருக்கற மதிப்பு, மலேரியாவோட நின்னு ஜெயிச்ச மாசங்களுக்கு இல்ல.

கேள்விக்கணை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இன்னும் ரெண்டு கேள்வி. ஜார்ஜ் கே அப்புறம் என்ன ஆனார்? அந்த மோசமான டார்பிடோவை சரி பண்ணினாங்களா இல்லையா?

வானம்பாடி:
ஜார்ஜ் கே திரும்ப சண்டைக்குப் போனார், குவாடல்கனால்ல வேற ஸ்குவாட்ரனோட. போருக்கு அப்புறம் பயணிகள் விமானப் பைலட்டா முப்பது வருஷம் வேலை பாத்தார். 1994ல காலமானார். அவர் டெவாஸ்டேட்டர்ல டார்பிடோவோட கிளம்பினதே அன்னிக்குத்தான் முதல் தடவைன்னு அவரே சொல்லியிருக்கார், ஸ்குவாட்ரன்ல அவர் வயசுப் பசங்க பல பேர் நிலைமை அதான். பயிற்சிக்கு டார்பிடோ குடுக்கல, சண்டைக்கு மட்டும் குடுத்தாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். பைலட்டுகள் எல்லாருக்கும் நேவி க்ராஸ்ங்கிற உயர்ந்த பதக்கம், பின்னாடி உக்காந்து ஜீரோவை நேருக்கு நேர் பாத்துச் சுட்ட கன்னர்களுக்கு அதை விடக் கீழ இருக்கற பதக்கம். ஒரே விமானம், ஒரே சாவு. ஜார்ஜ் கே விமானத்துல இருந்த கன்னர் பேரு ராபர்ட் ஹன்டிங்டன், எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்ஜின்ரூம்:
டார்பிடோ கேள்விக்கு நான் வர்றேன். சரி பண்ணினாங்க, ஆனா 1944 ஆச்சு. மாத்தம் பெருசா ஒண்ணுமில்ல. டார்பிடோ மூக்குல மரத்துல செஞ்ச ஒரு வளையம், அது காத்துல வேகத்தைக் குறைக்கும், தண்ணில விழற அடியைத் தாங்கி உடைஞ்சு போயிடும். வாலுக்கு பிளைவுட்ல ஒரு பெட்டி, காத்துல ஆடாம நேரா விழறதுக்கு. வாலைச் சுத்தி உலோக வளையம், தண்ணிக்குள்ள நேரா ஓடறதுக்கு. அதுக்கப்புறம் அதே மார்க் 13ஐ 15 மீட்டர்ல இருந்து போட வேண்டிய அவசியமே இல்ல, பல நூறு மீட்டர் உயரத்துல இருந்து அவெஞ்சரோட முழு வேகத்துல போடலாம். ஜீரோவுக்கும் பீரங்கிக்கும் கிடைக்கற 12 நிமிஷம் ஒண்ணு ரெண்டு நிமிஷமா சுருங்கிடும். 1944 அக்டோபர்ல முசாஷி, 1945 ஏப்ரல் 7ல யமாட்டோ, உலகத்தோட மிகப் பெரிய ரெண்டு போர்க்கப்பலையும் அவெஞ்சர்கள் அடிச்சது இதே மார்க் 13ஆலதான்.

மரமும் பிளைவுட்டும். 1942ல இல்லாத பொருள் அதுல எதுவுமே இல்ல. போருக்கு முன்னாடி விலை அதிகம்னு டார்பிடோவை ஒழுங்கா போட்டு சோதிக்கவே இல்ல, அதான் காரணம். கடல்காகம் கேட்ட "மேல இருந்தவங்க பதில் சொல்லணும்" பட்டியல்ல ரிங், மிட்ச்சருக்கு முன்னாடி டார்பிடோ தயாரிச்ச ஆயுதத் துறையை நான் எழுதுவேன்.

நீலத்திமிங்கலம்:
அந்தப் பட்டியலுக்கு நானும் கையெழுத்துப் போடறேன். ஹார்னெட் போன திசை 239ஆ 265ஆ, ராடார்ல பாத்தவங்க என்ன சொன்னாங்க, வைல்ட்கேட் பைலட்டுகளை எந்த இடத்துல கடல்ல இருந்து எடுத்தாங்க, இதையெல்லாம் வச்சு வரைபடத்தோட தனி இழை ஒண்ணு போடுங்க கடல்காகம். அதுல ரிங் பக்க வாதத்தை நான் எடுத்துக்கறேன்.